முகப்புப் படம்

அந்த நாற்காலி வேண்டாம் சார், கால் ஆடுது. காலையில நானே விழப் பாத்தேன். இந்த பெஞ்சுக்கு வாங்க. பொண்ணை ஹாஸ்டல்ல சேக்க வந்தீங்களா? வீட்டம்மாவும் பொண்ணும் ரூம் பாக்க மேல போயிருக்காங்களாக்கும். சரி, சரி. ஆம்பிளைகளை மேல விட மாட்டாங்க, நாம இங்கேயே இருக்க வேண்டியதுதான்.

நல்ல ஹாஸ்டல்தான் சார், பயப்படாதீங்க. காலையில இருந்து உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். கண்டவன் உள்ள நுழைய முடியாது. யாராவது வந்தா, அந்தா இருக்காங்களே வார்டன் மேடம், அவங்க மேல ஃபோன் போட்டுச் சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு 'சரி, வரேன்'னு சொன்னாத்தான் இறங்கி வரும். சொல்லலைன்னா பெத்த அப்பனா இருந்தாலும் இந்த பெஞ்சுதான். நல்ல ரூல். இப்படித்தான் இருக்கணும் மேடம்னு நானே அவங்ககிட்டச் சொன்னேன்.

என் பொண்ணா? மேலதான் இருக்கா. ஞாயித்துக்கிழமைல்ல, துணி துவைச்சுக்கிட்டிருப்பா. வருவா.

சேவு எடுத்துக்கோங்க சார். சும்மா எடுத்துக்கோங்க, சாத்தூர்ச் சேவு. அவளுக்கு வாங்கினதுதான், இன்னொரு பொட்டலம் பையில இருக்கு. என் பேரு சீனிராஜ். சாத்தூர் மெயின் ரோட்டுல நிவேதிகா ஸ்டுடியோன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. நிவேதிகா யாருன்னு கேக்கிறீங்களா? அவதான், மேல இருக்கிறவ. அவ பொறந்த கையோட கடை போர்டை மாத்தினவன் நான். அதுக்கு முந்தி எங்கப்பா பேர்ல இருந்துச்சு. அவருக்கு அதுல கோவம்கூட. ஒத்தைப் பொண்ணு சார். வேற யார் பேரை வைப்பேன், சொல்லுங்க?

ஃபோட்டோ புடிக்கிறதுதான் தொழில். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எல்லாம் எடுத்திருக்கேன். ஆனா படம்னு சொன்னா ஒண்ணே ஒண்ணுதான் சார் எடுத்திருக்கேன். என் பொண்ணு பெரிய மனுஷி ஆன சடங்குல எடுத்தது.

எங்க பக்கம் சடங்குன்னா சும்மா இல்ல. தாய்மாமன் சீர்வரிசை தட்டுத்தட்டா வரும். ஓலை கட்டி உக்கார வைப்பாங்க. மேளம், மைக் செட்டு, தெரு முக்குல ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸும் நானே அடிச்சேன். புள்ளைக்குக் கூச்சம். 'இதெல்லாம் வேண்டாம்ப்பா, கிளாஸ்ல பயலுக எல்லாம் பாப்பாங்க'ன்னா. எல்லாப் புள்ளைகளும் முதல்ல அப்படித்தான் சொல்லும். ஊர்ல இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் எடுத்துக் குடுத்துட்டு, ஃபோட்டோக்காரன் வீட்டுப் பிள்ளைக்குச் செய்யாம விட்டா ஊரு என்ன பேசும்? நான் தப்பாச் சொல்றேனா சார்?

அந்தப் படம் எப்படின்னா, தண்ணி ஊத்தி முடிச்சு, புதுப் பட்டு கட்டி, மாலை போட்டு உக்கார வச்சிருக்காங்க. மூஞ்சி முழுக்க மஞ்சள். கண்ணு ரெண்டும் தளும்பி, ஒரு சொட்டு இறங்கி, அந்த மஞ்சள்ல ஒரு கோடு போட்டிருக்கு. லைட்டு சரியா அந்தச் சொட்டுல விழுந்திருக்கு. ஆயிரம் தடவை முயற்சி பண்ணினாலும் அது அமையாது சார். ஆனந்தக் கண்ணீர்னு சொல்லுவாங்கள்ல, அது.

பக்கத்துல என் வீட்டுக்காரி. செந்தாமரை. அவ கை இப்படி, இந்தா பாருங்க, உள்ளங்கை நம்ம பக்கம், விரலெல்லாம் விரிச்சு, கேமராவுக்கு நேரா. புள்ளை மூஞ்சிக்கு முன்னாடி வரப் பாத்த கை. அன்னிக்கு எனக்குக் கோவம். 'கையை எடுடி, மறைக்குது'ன்னு கத்தினேன். அவளும் என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தா, மேளச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழலை. அப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசு பண்ணிப் பாத்தா, அடடா! மாரியம்மன் கோயில்ல அம்மன் கை இருக்குமே, பயப்படாதேன்னு சொல்ற மாதிரி, அதே கை. ஆசீர்வாதம் பண்ணிக்கிட்டிருக்கா சார் என் செந்தாமரை. வேற எவனா இருந்தாலும் படம் கெட்டுப்போச்சுன்னு அழிச்சிருப்பான். எனக்குத்தான் அதோட அருமை தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் அவ ரொம்ப காலம் இருக்கலை. மஞ்சக்காமாலை. நாட்டு மருந்து குடுத்தோம், மதுரைக்குக் கொண்டு போனோம், எல்லாம் பாத்தோம். போயிட்டா. அவ உடம்புல சதையோட, நல்லா இருக்கிற கடைசிப் படம் அதுதான் சார். அதுக்கப்புறம் எடுத்ததெல்லாம் கண்ணு மஞ்சளா, கன்னம் ஒட்டி… அதுகளை நான் திறந்துகூடப் பாக்கிறதில்லை. இந்தப் படத்தைத் தினமும் பாப்பேன். பாக்காம இருக்க முடியாது. ஊர்ல ஆயிரம் பேரு குடும்பத்தை நான் சிரிக்க வச்சு எடுத்திருக்கேன். என் குடும்பம் மூணு பேரும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒரு படம் கிடையாது. எப்பவும் நான் கேமராவுக்குப் பின்னாலதானே.

இருங்க, கண்ணைத் துடைச்சுக்கிறேன். ஃபேன் காத்து.

அப்புறம் எல்லார் கையிலயும் ஃபோன் வந்துருச்சு, எவனும் ஸ்டுடியோப் படி ஏறுறதில்லை. கல்யாண ஆர்டர் குடுக்கிறவனும் 'அண்ணாச்சி, சைட் இருக்கா, லிங்க் அனுப்புங்க'ன்றான். சைட்டுக்கு நான் எங்க போக? அப்போதான் இந்த ஏஐ வந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாம சொன்னாப் போதும், அதுவே கோடிங் எழுதிக் குடுத்துரும். எனக்குக் கோடிங்கும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. தமிழ்லயே அடிச்சேன். 'நான் சாத்தூர் ஃபோட்டோகிராஃபர், எனக்கு ஒரு நல்ல சைட் வேணும்'னு. ரொம்ப மரியாதையான ஜென்மம் சார் அது. எதைச் சொன்னாலும் 'நிச்சயமாக'ன்னு ஆரம்பிக்கும். என் வாழ்க்கையில யாரும் என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை குடுத்ததில்லை.

முகப்புல என்ன படம் போடட்டும்னு கேட்டுச்சு. யோசிக்கவே இல்லை. கடை பேரு நிவேதிகா, படத்துல நிவேதிகா. பக்கம் திறந்ததும் முழுசா அந்தப் படம்தான். கீழ பேரும் போட்டேன். பாத்தவங்கெல்லாம் சொக்கிப் போனாங்க. சடங்கு ஆர்டர் எங்கெங்கே இருந்தோ வந்துச்சு, 'அந்தப் பிள்ளையை எடுத்த மாதிரியே எங்க பிள்ளையையும் எடுங்க'ன்னு.

அவ அப்போ படிச்சு முடிச்சு இங்க கோயம்புத்தூர்ல கம்பெனியில சேந்திருந்தா. நல்ல கம்பெனி. ஒரு நாள் ஃபோன். குரலே சரியில்லை. கூட வேலை பாக்கிற எவனோ இவ பேரைப் போட்டுத் தேடியிருக்கான், முதல்ல இந்தப் படம் வந்து நின்னுருக்கு. அதைப் பசங்க வாட்சப்புல ஸ்டிக்கர் ஆக்கிட்டாங்களாம். யாராவது லீவு கேட்டாப் போதும், அதை அனுப்பிச் சிரிக்கிறாங்களாம். எனக்கே வருத்தமாத்தான் இருந்துச்சு. படத்தை ரசிக்கத் தெரியாத ஜென்மங்கன்னு திட்டினேன்.

'அதை எடுத்துருங்கப்பா'ன்னா.

'அவன் கோணப்புத்திக்கு நான் எதுக்கும்மா எடுக்கணும்?'னேன்.

'யாரைக் கேட்டுப்பா போட்டீங்க?'ன்னா.

'யாரைக் கேக்கணும்? நான் எடுத்த படம், நான் பெத்த பொண்ணு, என் கடை'ன்னேன். சரிதானே சார்? அவ மெதுவா, 'சம்மதம்னு ஒண்ணு இருக்குப்பா'ன்னா. அவ்வளவுதான், வச்சுட்டா.

வேற அப்பனா இருந்தா அதோட விட்டிருப்பான். நான் விடலை. புள்ளை ஒண்ணு கேட்டுருச்சே, செய்யணுமேன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. உடனே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டேன். 'என் சைட்ல சம்மதம் கேக்கிற வசதி வைக்கணும்'னு அடிச்சேன். 'நிச்சயமாக'ன்னுச்சு. அப்புறம்தான் எனக்கே தெரியுது, அது எவ்வளவு பெரிய விஷயம்னு. சைட்டுக்குள்ள வர்றவங்க எங்க இருந்து வராங்க, என்ன பாக்கிறாங்கன்னு எல்லாம் சைட்டு குறிச்சு வச்சுக்குமாம். குக்கீன்னு பேரு. திங்கிறது இல்ல சார், இது வேற. அவங்களைக் கேக்காம அதைச் செய்யக் கூடாதாம். சட்டமே வந்திருக்குன்னு சொல்லுச்சு. வெளிநாட்டுலயெல்லாம் ரொம்பக் கறாராம்.

நடுவுல அது என்னையே ஒண்ணு கேட்டுச்சு. 'தளத்திலுள்ள படங்களில் இருப்பவர்களிடமும் அனுமதி பெற்றிருக்கிறீர்களா? சிறுவயதினர் இருந்தால் கூடுதல் கவனம் தேவை'ன்னு. நான் கேட்டது என்ன, இது கேக்கிறது என்ன! 'அது என் பொண்ணுதான், நீ வேலையைப் பாரு'ன்னு அடிச்சேன். 'நிச்சயமாக'ன்னுட்டு போட்டுக் குடுத்துருச்சு. பெத்த புள்ளைகளும் இப்படிப் பேச்சைக் கேட்டா எவ்வளவு நல்லா இருக்கும்!

பெட்டி ரொம்ப அழகா வந்துச்சு சார். பச்சை நிறம். சுத்தத் தமிழ். 'உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்'னு தலைப்பு. கீழ 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்'. ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? பெரிய பெரிய சைட்டுல எல்லாம் ஏற்கிறேன்கிறதைப் பளபளன்னு வச்சுட்டு, மறுக்கிறேன்கிறதைத் தேடவே முடியாத மூலையில வச்சிருப்பான். நான் அப்படிச் செய்யலை. ரெண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். வேண்டாம்னு சொல்றவங்களுக்கும் ஒரு மரியாதை இருக்குல்ல? அதுல நான் ரொம்பக் கண்டிப்பு.

அவளுக்கு லிங்க் அனுப்பினேன். 'அம்மா, நீ சொன்ன மாதிரியே சம்மதம் வச்சாச்சு'ன்னு. பாத்துட்டா, ரெண்டு டிக்கும் நீலமாச்சு. நானே கூப்பிட்டேன்.

'படம் அங்கேயேதானே இருக்கு'ன்னா.

'படம் இல்லாம என்னம்மா சைட்டு? அதுல உங்கம்மா இருக்காளே'ன்னேன்.

'அம்மாவை எனக்கு அனுப்புங்கப்பா, நான் பத்திரமா வச்சுக்கிறேன். ஊருக்கு எதுக்குக் காட்டணும்?'னு சொல்லும்போதே அழுதுட்டா. எனக்கும் தாங்கலை. அம்மா ஞாபகம் வந்துருச்சு போலன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் ஃபோன்லயே அழுதோம். அன்னிக்குத்தான் மனசு விட்டுப் பேசின மாதிரி இருந்துச்சு.

இந்தப் பெட்டி இருக்கே, அது ஊர்ல பேர் வாங்கிருச்சு சார். சேவுக்கடை சைட்டு, நகைக்கடை சைட்டு, ஊறுகாய்க் கம்பெனி சைட்டு, எல்லாத்துக்கும் நான்தான் வச்சுக் குடுத்தேன். இப்போ எல்லாரும் ஏஐ வச்சு சைட்டு கட்டிடறாங்க, ஆனா சம்மதம் கேக்கணும்கிற நினைப்பு யாருக்கும் வரலை. வியாபாரிகள் சங்கத்துல ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டு, 'அண்ணாச்சி, இதைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க'ன்னாங்க. மேடை ஏறினேன். பின்னால பெரிய திரை கட்டி என் சைட்டைத்தான் ஓட விட்டாங்க. முதல்ல பெட்டி வந்துச்சு, அமுக்கினதும் சுவர் அளவுக்கு என் பொண்ணு மூஞ்சி. மண்டபமே கை தட்டுச்சு. 'ஒருத்தர் விஷயத்தை அவரைக் கேக்காம எடுக்கிறது திருட்டு'ன்னு நான் பேசினதை லோக்கல் சேனல்ல போட்டாங்க. அதையும் அவளுக்கு அனுப்பினேன்.

அதுக்கப்புறம்தான் ஃபோன் போகலை. நம்பரை மாத்திட்டா. கம்பெனி மாறிட்டா, ஹாஸ்டல் மாறிட்டா. பொங்கலுக்கு வரலை. அம்மா திதிக்கு வரலை. நான் மட்டும் உக்காந்து எள்ளும் தண்ணியும் விட்டேன். வீட்டுல சோறு வடிச்சா யாருக்குன்னு வடிக்கிறோம்னே தெரியாது சார். கடையைத் திறந்து வச்சா, தலைக்கு மேல அவ பேரு. ஃபோனை எடுத்தா அவ குரல் இல்லை. என்ன குறை வச்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன், ஒண்ணும் புலப்படலை. கேட்டதைச் செஞ்சேனா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

இந்த ஹாஸ்டல்கூட நானாத்தான் கண்டுபிடிச்சேன். அவ தோழி ஒருத்தி தங்கச்சி கல்யாணத்துக்கு ஆர்டர் குடுக்க வந்தா. சொல்ல மாட்டேன்னு ரொம்ப நேரம் சாதிச்சா. பேச்சுக் குடுத்துக் குடுத்து வாங்கிட்டேன். அப்பன் இல்லையா! காலையில வந்து 'நிவேதிகாவைப் பாக்கணும்'னேன், மேடம் 'அப்படி யாரும் இங்க இல்லையே'ன்னாங்க. எனக்குத் தெரியும் இல்லைன்னு. பழக்கதோஷத்துல வந்துருச்சு. அந்தத் தோழிதான் சொல்லியிருந்தா, இப்போ அவ பேரு செந்தாமரை. கெஜட்ல குடுத்து முறைப்படி மாத்திட்டாளாம். ஆபீஸ்ல, பேங்குல, எல்லா இடத்துலயும் செந்தாமரைதான். நிவேதிகான்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கிறதில்லையாம்.

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு சார். அம்மா மேல எவ்வளவு பாசம் இருந்தா அம்மா பேரையே வச்சுக்குவா! நான் கடைக்கு அவ பேரை வச்சேன், அவ தனக்கு அம்மா பேரை வச்சுக்கிட்டா. ரத்தம் சார், எங்க போகும்?

அதுக்குத்தான் ஒரு காரியம் பண்ணிட்டு வந்திருக்கேன். அவளுக்கே தெரியாது. நேர்ல காட்டணும்னு இருக்கேன். ஏஐகிட்ட ஒரு வார்த்தைதான் சொன்னேன், 'சைட்ல என் பொண்ணோட பழைய பேரு இருக்கிற இடத்துல எல்லாம் புதுப் பேரைப் போடு'ன்னு. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள மாத்திருச்சு. படத்துக்குக் கீழ இப்போ 'செந்தாமரை, மகள்'னு இருக்கு. எந்தக் கம்பெனின்னும் போட்டிருக்கேன், அந்தத் தோழி அதையும் சொல்லியிருந்தா. இனிமே யாரு செந்தாமரைன்னு தேடினாலும் வந்து நிக்கும். கடை போர்டையும் மாத்தச் சொல்லிட்டேன். பாத்தா அசந்து போயிருவா. கோவமெல்லாம் எங்க போகும்னு பாருங்க.

ஏன் சார் எழுந்திரிக்கிறீங்க? உங்க வீட்டம்மாவும் பொண்ணும் இறங்கி வரட்டும், உக்காருங்க.

மேடம் கூப்பிடறாங்க, இருங்க. என்ன மேடம்? சொல்லிட்டீங்களா? … அப்பா வந்திருக்கேன்னு சொன்னீங்களா? சாத்தூர்ல இருந்துன்னு? … சரி. சேவு வாங்கிட்டு வந்திருக்கேன்னு சொல்லுங்க மேடம், இன்னொரு தடவை. … அதையும் சொல்லிட்டீங்களா. … இல்ல இல்ல, நான் சண்டை போடலை மேடம். அந்தப் பொண்ணு வரலைன்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? ரூலுன்னா ரூலு. நான் இங்க ஓரமா இருந்துக்கிறேன். ஆறு மணிக்கு மேல இருக்கக் கூடாதா? சரி மேடம், ஆறு மணி வரைக்கும்.

தலை வலிக்குதாம் சார். அப்படித்தான் இருக்கும். மேடம் அதைச் சொல்லலை, ஆனா எனக்குத் தெரியும்ல. அவங்கம்மாவுக்கும் தண்ணியில நின்னா தலைவலி வந்துரும்.

சரி, அவ பாக்கிறதுக்கு முன்னாடி நீங்க பாருங்க. இந்தாங்க ஃபோன். அட, பிடிங்க சார். முதல்ல பச்சைப் பெட்டி வரும். படிச்சுப் பாத்து உங்க இஷ்டப்படி அமுக்குங்க, நான் எந்தப் பக்கமும் சொல்ல மாட்டேன்.

மறுக்கிறேன்னு அமுக்கிட்டீங்களா! பொண்ணைப் பெத்தவரு, உஷாராத்தான் இருக்கீங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன் சார், அது உங்க உரிமை. எதை அமுக்கினாலும் படம் வந்துரும். சிக்னல் கம்மி, கொஞ்சம் பொறுங்க.

வந்துருச்சா? அந்தச் சொட்டைப் பாருங்க. பக்கத்துல அவங்கம்மா, அந்தக் கை…

என்ன சார் நீங்களும்? கையை எடுங்க சார். கையை எடுங்க, மறைக்குது.